பெரட்டு என்ற கோப்பு

இன்று காலை உங்கள் முகங்களைப் பார்க்க வேண்டுமே! வருடத்தில் ஒரு நாள் இந்த அலுவலகத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு கணினியை மேசையில் வைத்து, எழுதிய நிரலிலிருந்து நம் மென்பொருள் முழுவதையும், முதல் கோப்பு தொடங்கி, ஓடும்படி கட்டி எடுக்கச் சொல்கிறோம். அது முடியும் வரைக்கும் கேக் வெட்டக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கேக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "என்ன மூடநம்பிக்கை இது" என்று யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. நான் ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், காது நன்றாகவே கேட்கிறது.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி. கட்டும் வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிற கோப்புக்கு ஏன் 'பெரட்டு' என்று பெயர்? அதில் நாலு வரிதானே இருக்கிறது, எடுத்துப் போட்டுவிடலாமா? ஐயோ, கை வைத்துவிடாதீர்கள். நான் செய்த பெரிய முட்டாள்தனமும், நான் வாய் பிளந்து பார்த்த பெரிய அதிசயமும் அந்த நாலு வரியோடு சேர்ந்தவை. இன்று அதைச் சொல்லிவிட்டே போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அப்போது நம் அலுவலகம் தலவாக்கலையில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது. ஒரு மேனேஜர், நான், தகவல்களைத் தட்டச்சு செய்ய ஒரு பெண், இரண்டு கணினிகள், அவ்வளவுதான். நான் லிந்துலையில் பிறந்தவள். கொழும்பில் படித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். நிரல் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

தேயிலைத் தோட்டங்களில் பிறப்புப் பதிவும் அடையாள அட்டையும் இல்லாதவர்கள் அப்போது நிறையப் பேர். ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுடைய விவரங்களைச் சேகரித்துத் தரும். நாங்கள் அவற்றை ஒழுங்குபடுத்தி ஒவ்வொருவருக்கும் விண்ணப்பத்தை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். நடமாடும் சேவை என்று ஒன்று வைப்பார்கள். அதிகாரிகளே ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, ஒரே நாளில் விண்ணப்பங்களைப் பார்ப்பார்கள். அந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை அக்கரப்பத்தனைப் பக்கம் நடமாடும் சேவை. நானூறு பேருக்கு மேல் வரப்போகிறார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

நான் சொன்ன அந்தத் தட்டச்சுப் பெண்ணும் அந்த நானூறில் ஒருத்தி. பெயர் வேண்டாம், தன் பெயர் வரக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அப்போது அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். 'இருக்கும்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவளுக்கே அது சரியாகத் தெரியாது. அவள் பிறந்த சமயம் குடும்பம் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியது. அந்த அவதியில் பிறப்பைப் பதியாமலே விட்டுவிட்டார்கள். பதிவு இல்லாததால் அடையாள அட்டையும் இல்லை. ஒரு முறை உறவுக் கல்யாணத்துக்குக் கொழும்புக்குப் போனவளைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி, போலீசில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். தெரிந்த கடைக்காரர் ஒருவர் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் விட்டார்களாம். அன்றிலிருந்து அவள் ஹட்டனைத் தாண்டியதில்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வருடம் கொழும்பில் ஆறு மாத நிரல் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. செப்டெம்பரில் தொடங்கும். தங்குமிடத்தில் பெயர் பதியவே அடையாள அட்டை வேண்டும். சனிக்கிழமை அவளுடைய விண்ணப்பம் ஏறாவிட்டால், பயிற்சியை மறந்துவிட வேண்டியதுதான்.

சரி, இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். மென்பொருளில் இரண்டு பெரிய துண்டுகள் இருந்தன. ஒன்று 'ஆள்', மற்றது 'வீடு'. ஆளைக் கட்டும்போது, கட்டி முடித்த வீட்டைக் கணினி திறந்து பார்க்கும். அந்த ஆள் எந்த லயத்து வரிசையில், எந்தக் காம்பரா அறையில் இருக்கிறார் என்று தெரிய வேண்டுமே. ஆரம்பத்தில் அவ்வளவுதான் இருந்தது. பிறகு ஒரு நாள், வீட்டுக்குத் தலைவர் யார் என்று காட்டச் சொன்னார்கள். நான் அவசரத்தில், வீட்டைக் கட்டும்போது ஆளைத் திறந்து பார்க்கும்படி எழுதிவிட்டேன். இப்போது ஆளைக் கட்ட வீடு வேண்டும், வீட்டைக் கட்ட ஆள் வேண்டும்.

கணினி சொல்லத்தான் செய்தது. ஒவ்வொரு தடவை கட்டும்போதும் ஒரே ஒரு வரி வரும்: இவை ஒன்றையொன்று சுற்றுகின்றன, ஒரு முனையை விட்டுவிட்டேன். வீடு ஆளைக் கேட்பதைக் கண்டுகொள்ளாமல் அது பாட்டுக்கு வேலையைத் தொடரும். ஏனென்றால் போன தடவை கட்டிய ஆளும் வீடும் என் கணினியில் கிடந்தன. இல்லாத முனைக்குப் பதில் பழையதை எடுத்துக்கொள்ளும். எல்லாம் ஓடியது. அந்த வரி மட்டும் என் கண்ணை உறுத்தியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வரி திரையில் வராதபடி மறைத்துவிட்டேன். கொழும்பில் படித்தவளாயிற்றே!

அந்தத் திங்கட்கிழமை பெரிய காற்று. ரோட்டோரத்து மரம் ஒன்று மின் கம்பியில் சாய்ந்து கரண்ட் போனது. வந்தபோது வேகமாக வந்தது. என் கணினியின் வட்டு செத்துப் போனது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சிரித்தேன். எழுதிய நிரல், தட்டச்சு செய்த விவரங்கள் எல்லாம் பிளாப்பிகளில் பத்திரமாக இருந்தன. "ஒரு மணி நேரம் குடுங்க சார், கட்டி எடுத்துர்றேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை புது வட்டு போட்டு, எல்லாவற்றையும் ஏற்றி, கட்டச் சொன்னேன். ஆள் கட்டப்படவில்லை, வீடு இல்லையாம். சரி, வீட்டை முதலில் கட்டு என்றேன். ஆள் இல்லையாம். வரிசையை மாற்றிப் பார்த்தேன், பெயரை மாற்றிப் பார்த்தேன். மறைத்து வைத்த அந்த வரியைத் திரும்பக் காட்டச் சொன்னேன். ஒரு முனையை விட்டுவிட்டேன் என்றது. கீழே பேக்கரியில் பாண் வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. எத்தனையோ மாதமாக நான் ஓட்டிய மென்பொருள், எப்போதோ கட்டப்பட்டுக் கிடந்த ஒரு பழைய துண்டின் தயவில் ஓடியிருக்கிறது. ஒன்றுமில்லாத இடத்தில் வைத்தால் அதனால் எழுந்து நிற்கவே முடியாது.

மேசை இழுப்பறையைக் கிளறியபோது வருடத் தொடக்கத்தில் எடுத்து வைத்த ஒரு பிளாப்பி அகப்பட்டது. அதில் கட்டி முடித்த வீடு ஒன்று இருந்தது. உயிர் வந்தது எனக்கு. அதை வைத்து ஆளைக் கட்டினேன், அந்த ஆளை வைத்துப் புது வீட்டைக் கட்டினேன், மறுபடியும் ஒரு சுற்றுக் கட்டினேன். பிழை எதுவும் வரவில்லை. விண்ணப்பங்கள் கிறீச் கிறீச்சென்று அச்சாகத் தொடங்கின. மேனேஜர் என் முதுகில் தட்டாத குறை.

புதன்கிழமை காலை தங்கச்சி அச்சான கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் தாள் புரட்டுவது நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு தாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எனக்கு அப்பா மாறிட்டாருக்கா" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். அவளுடைய விண்ணப்பம்தான். பெயர் சரி, தாய் பெயர் சரி. தகப்பன் பெயர் இருந்த இடத்தில் பக்கத்துக் காம்பராக்காரர் பெயர். அவளுடைய அப்பா இறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. தகப்பன் பெயரைக் கணினி காம்பரா நம்பரை வைத்துத்தான் எடுக்கும்; வருடத் தொடக்கத்து வீட்டில் காம்பராக்கள் வேறு ஒழுங்கில் இருந்திருக்கின்றன. ஆள் அந்தப் பழைய ஒழுங்கை வீட்டிடமிருந்து வாங்கி, அதையே வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. எத்தனை சுற்றுக் கட்டினாலும் அந்தப் பிழை இரண்டுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மற்றக் கட்டுகளைப் புரட்டினோம். எல்லாமே தவறில்லை, அங்கொன்றும் இங்கொன்றும்தான். அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது.

"பரவால்ல மிஸ்" என்றார் மேனேஜர். "தப்பா இருக்கத பேனாவால திருத்திக்குவோம். சனிக்கெழம நெருங்கிருச்சு."

உண்மையைச் சொல்கிறேன், நான் தலையாட்டப் போனேன். களைப்பு, பயம், எப்படியாவது முடிந்தால் போதும் என்ற எண்ணம். இந்தத் தொழிலில் மனசாட்சி தூங்குகிற நேரம் இதுதான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள்தான் தலையாட்டவில்லை.

"எந்தத் தாளு தப்பு எது சரின்னு யாருக்கு சார் தெரியும்? எனக்கு எங்க அப்பாவ தெரியும், அதனால கண்டுபுடிச்சேன். மத்தவங்களுக்கு யாரு பாப்பா? ஒரு தடவ பதிஞ்சுட்டாங்கன்னா சாகுற வரைக்கும் அதுதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த பழைய வீட்ட அழிச்சிருங்கக்கா."

"அழிச்சா ஒன்னுமே கட்ட முடியாது புள்ள."

"ஏன் முடியாது?"

சொன்னேன். ஆளுக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு குரலில் சொன்னாள்: "அட்ட கேட்டா பொறப்பு பத்திரம் கொண்டாங்கறாங்க. பொறப்பு பத்திரம் கேட்டா அட்ட கொண்டாங்கறாங்க. ஒருத்தர ஒருத்தர் கை காட்டிக்கிட்டே என்னய நாலு வருசமா நடக்க விட்டாங்க. நீங்களும் அதையேதான் இதுக்குள்ள செஞ்சு வச்சிருக்கீங்களாக்கா?"

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது.

அவள் விடவில்லை. "சரி, ஆளுக்கு வீட்டுகிட்ட என்னதான் வேணும்? முழு வீடும் வேணுமா?"

"இல்ல. லயத்து நம்பரும் காம்பரா நம்பரும் போதும்."

"வீட்டுக்கு ஆளுகிட்ட?"

"ஆள் நம்பர்."

"வெறும் நம்பர்தானே! அப்ப நம்பர மட்டும் தனியா ஒரு எடத்துல எழுதி வச்சா என்ன? காலையில பெரட்டுல நிக்கிறோம்ல, கணக்கப்பிள்ள பேர் நம்பரத்தான் கூப்புடுவாரு. வீடு எது, அப்பன் யாருன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க. நின்னியா, நம்பர் இருக்கா, மலைக்கு போ. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறந்தான்."

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். விடிகாலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டைப் பார்த்து வளர்ந்தவள். எனக்குத் தோன்றவில்லை. எந்த முனையை வெட்டுவது என்றுதான் நான் இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவளோ இரண்டு பேருக்கும் உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் வட்டமே இல்லாமல் போயிற்று. நிரல் என்றால் என்னவென்று பாடம் படிக்காத ஒரு பெண், அடேயப்பா! இத்தனை வருடத்தில் பெரிய பெரிய ஆட்களோடு வேலை பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு கேள்வியை அதற்கப்புறம் நான் கேட்டதில்லை.

ஆள், லயம், காம்பரா என்ற மூன்று எண்களுக்கும் என்ன அமைப்பு என்று மட்டும் சொல்லும் நாலு வரிக் கோப்பு ஒன்று எழுதினேன். அது எதையும் திறந்து பார்க்காது, யாருக்காகவும் காத்திருக்காது. ஆள் அதைப் பார்க்கும், வீடும் அதைப் பார்க்கும், அவை ஒன்றையொன்று பார்க்கத் தேவையில்லை. அதற்குப் பெரட்டு என்று பெயர் வைத்தேன். பழைய வீட்டை அழித்தேன். அந்தப் பிளாப்பியையும் அவள் கையால் உடைக்கச் சொன்னேன். கட்டச் சொல்லிவிட்டு மூன்று பேரும் திரையின் முன்னால் நின்றோம்.

பெரட்டு கட்டப்பட்டது. ஆள் கட்டப்பட்டது. வீடு கட்டப்பட்டது. ஒன்றுமே இல்லாத ஒரு வட்டில், யார் தயவும் இல்லாமல், முழு மென்பொருளும் எழுந்து நின்றது. நீங்கள் இதைத் தினம் பார்க்கிறீர்கள், உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று பின்னேரம் அவளுடைய விண்ணப்பம் அவளுடைய அப்பா பெயரோடு அச்சாகி வந்தது. அவள் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து ஒரு நிமிடம் நின்றாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க ஜனம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூறலில் வரிசை நின்றது. தங்கச்சி தன் அம்மாவோடு வந்திருந்தாள். அவளுடைய முறை வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். மேசையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், வயதான அதிகாரி. தாளை ஒழுங்காகப் படித்தார்.

"பிள்ளை, விண்ணப்பம் வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் இவ்வளவு காலம் கழிச்சுப் பிறப்பைப் பதியிறதெண்டால் ஏதாவது அத்தாட்சி வேணும். அடையாள அட்டை இருக்கோ?"

"அது இல்லாமத்தான் சார் வந்திருக்கேன்."

"ஓம், அதுக்குப் பிறப்புச் சான்றிதழ்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் சொல்வது தனக்கே கேட்டுவிட்டது போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் என்ன செய்ய, பிள்ளை? ஒரு அத்தாட்சியும் இல்லாமல் எழுதேலாது."

அவள் முகம் இருண்டது. புதன்கிழமை எனக்கு வழி காட்டியவள் இப்போது தன் வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "தங்கச்சி, உனக்குப் பெரட்டு எது? அட்டையும் வேணாம், பத்திரமும் வேணாம். அது ரெண்டையும் பாக்காம நீ பொறந்தத யாரு எழுதி வச்சிருக்கா?"

அவள் விழித்தாள். அவளுடைய அம்மாதான் வாய் திறந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். "எழுதுனாங்களா இல்லையான்னு தெரியாதுங்க. நாங்க இந்தத் தோட்டத்துக்கு வந்த புதுசு, ஏழாம் நம்பர் மலையில கவ்வாத்து நடந்துச்சு. வெட்டிப்போட்ட வெறக நான் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். அங்கனதான் வலி வந்துச்சு. லயத்துக்கு தூக்கியாந்தாங்க, பொறந்துட்டா."

தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. எந்த மலையை எந்த மாதம் வெட்டினார்கள் என்று தோட்டத்து அலுவலகமான கந்தோரில் புத்தகம் இருக்கும். யாருடைய அட்டையையும் கேட்காமல் எழுதப்படுகிற புத்தகம். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அங்கேதான் நின்றார். முணுமுணுத்துக்கொண்டே மோட்டார் சைக்கிளில் போய், பழுப்பேறிய புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்தார். ஏழாம் நம்பர் மலைக்கு மூன்று கவ்வாத்து இருந்தது. ஒன்றின்படி அவளுக்கு முப்பது தாண்டியிருக்க வேண்டும், அப்போது குடும்பம் இந்தத் தோட்டத்திலேயே இல்லை. இன்னொன்றின்படி இருபத்தொன்றுதான் ஆகும். நடுவில் இருந்த ஒன்று மட்டும் பொருந்தியது. ஜூலை மாதம்.

அதிகாரி அந்த வரியில் விரலை வைத்தார். "தேயிலைச் செடிக்கு இருக்கிற பதிவு இந்தப் பிள்ளைக்கு இல்லாமப் போச்சே" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். தாயிடம் சத்தியக் கடதாசி வாங்கி, தோட்டத்தின் கடிதத்தோடு புத்தகத்து வரியையும் பிரதி எடுத்துச் சேர்த்துக்கொண்டார். "வருசம் இருக்கு, மாதம் இருக்கு. நாள் என்னெண்டு போட?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. தங்கச்சி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்: "இந்த மாசந்தானே சார் பொறந்திருக்கேன். போன புதன்கெழம என்ன தேதியோ, அந்தத் தேதியவே போட்டுருங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை, எழுதினார். பத்திரம் வந்தது, அதைக் காட்டி அட்டையும் வந்தது, பயிற்சி தொடங்க நாலு நாள் இருக்கும்போது. ஸ்டேஷனில் நான்தான் ரயில் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை பேக்கரி தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. விழுந்தடித்துப் படி இறங்கினேன்.

"அக்கா, ஸ்டேஷன்லருந்து பஸ்ல போறப்ப செக்பாயிண்ட்ல எறக்குனாங்க. அட்டய கேட்டான். குடுத்தேன். பாத்துட்டு திருப்பி குடுத்துட்டான்." அப்புறம் என்ன கேட்டான் என்றேன். "ஒன்னுமே கேக்கலக்கா."

இவ்வளவுதான் கதை. எச்சரிக்கை வரியை மறைக்காதீர்கள், பழைய துண்டின் தயவில் வாழாதீர்கள் என்றெல்லாம் நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் காலையில் சாப்பிட்ட கேக், மென்பொருள் கட்டி முடிந்ததற்கு என்றுதானே நினைத்தீர்கள்? போய்க் கைகளைக் கழுவிக்கொண்டு, உங்களை நேர்முகத்தில் வேர்க்க வைத்தாரே, அந்தக் கண்ணாடி அறைக்காரி, அவருடைய கதவைத் தட்டுங்கள். இன்று அந்தப் புதன்கிழமையின் தேதி, அவருக்குப் பிறந்த நாள். இன்னும் ஒருவர்கூட வாழ்த்துச் சொல்லவில்லை.